கேள்வி – பதில்: மூச்சும் இரத்தத்தின் அமிலமும்

சுழியோட இறங்கும் முன் இருபது, முப்பது தரம் வேகமாக மூச்செடுத்தால் கூடுதல் நேரம் அடியில் நிற்கலாம் என்கிறார்கள். அப்படிச் செய்யும்போது உதடும் விரல் நுனிகளும் விறைக்கின்றனவே, ஏன்? (வாசகர், உப்புவெளி)

அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். விறைப்பு வந்தால் இரத்தம் காரப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று பொருள்.

இரத்தத்தின் பீ.எச். (அமில, கார நிலையைக் காட்டும் எண்; குறைந்தால் அமிலப் பக்கம், கூடினால் காரப் பக்கம்) 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும். அதைப் பிடித்து வைத்திருக்கும் முதன்மையான தாங்கல் (பீ.எச். அதிகம் மாறாமல் தடுக்கும் கலவை), காரத் தன்மையுள்ள இருகாபனேற்றும் நீரில் அமிலமாகும் கரைந்த காபனீரொட்சைட்டும் சேர்ந்த சோடி. லீற்றருக்கு முன்னது 24 மில்லிமோல் (பொருளின் அளவைக் குறிக்கும் அலகு), பின்னது 1.2 மில்லிமோல், அதாவது 20க்கு 1. பீ.எச்.ஐத் தீர்மானிப்பது இந்த விகிதம்தான். வேகமாக மூச்சு விட்டுக் காபனீரொட்சைட்டைப் பாதியாக்கினால் விகிதம் 40 ஆகி, பீ.எச். கணக்கின்படி 7.7ஐத் தொடும். ஒட்சிசனைச் சுமக்கும் இரத்தப் புரதமான ஈமோகுளோபினும் மற்றப் புரதங்களும் தம்மிடமுள்ள, அமிலத்துக்குக் காரணமான ஐதரசன் அயன்களை விட்டுக்கொடுப்பதால் ஏற்றம் சற்றுத் தணியும். ஆனால் அல்புமின் என்ற இரத்தப் புரதத்தில் அப்படிக் காலியாகும் இடங்களில் கல்சியம் போய் ஒட்டிக்கொள்ளும். இரத்தத்தில் கட்டின்றித் திரியும் கல்சியம் குறைய, நரம்புகள் தூண்டுதல் இல்லாமலே துடிக்கும். விறைப்பு அதுதான்.

ஆபத்து இனித்தான். சாதாரண மூச்சிலேயே ஈமோகுளோபின் ஏறக்குறைய முழுவதும் ஒட்சிசனால் நிரம்பியிருக்கிறது. வேகமாக மூச்செடுப்பதால் சேமிப்பு பெரிதாகக் கூடாது. 'மூச்செடு' என்று உந்துவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் உந்துதல் பிந்தும், அதற்குள் ஒட்சிசன் தீர்ந்துவிடும். மேலே வரும்போது நீரமுக்கம் குறைய, நுரையீரலில் ஒட்சிசனின் அழுத்தமும் சட்டென விழும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மயக்கம் வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அமைதியாக மூச்செடுத்து இறங்குங்கள். ஒருவர் கீழே என்றால் மற்றவர் மேலே நின்று பார்க்க வேண்டும். வெளியே வந்த பின்னும் அரை நிமிடம் அவரிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

அம்மாவுக்கு நீரிழிவு. காய்ச்சலில் சாப்பிடவில்லை என்பதால் இன்சுலின் போடவில்லை. மறுநாள் பெரிய பெரிய மூச்சாக வாங்கினார். நெஞ்சில் சளி இல்லை என்றார்கள். அப்படியென்றால் அது என்ன? (வாசகி, மூதூர்)

இன்சுலின் இல்லாதபோது ஈரல் கொழுப்பிலிருந்து கீற்றோ அமிலங்கள் என்ற அமிலப் பொருட்களை உண்டாக்கிக்கொண்டே போகும். அவற்றை நடுநிலையாக்குவதிலேயே இருகாபனேற்று கரையும். அது 24இலிருந்து 10க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். மூச்சு மாறாவிட்டால் விகிதம் 8 அளவுக்கு விழுந்து, பீ.எச். 7.0 ஆகிவிடும், உயிருக்கே ஆபத்து. நுரையீரல் காபனீரொட்சைட்டை அள்ளி வெளியேற்றினால் விகிதம் 14 வரை மீளும், பீ.எச். 7.26இல் நிற்கும். அந்த ஆழ்ந்த மூச்சு நோயல்ல, உடலின் தற்காப்பு. 1874இல் இதை விவரித்த ஜேர்மனிய மருத்துவர் குஸ்மாலின் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள்.

காய்ச்சலோ வாந்தியோ வந்தாலும் இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. அளவை மருத்துவரிடம் கேளுங்கள். இப்படி மூச்சு வாங்குவதோடு வாந்தி, வயிற்றுவலி, வாயில் பழுத்த பழ வாசம் தெரிந்தால் விடியும்வரை பார்த்திருக்காமல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். அப்பச்சோடா கரைத்துக் கொடுக்காதீர்கள். தூக்க மருந்தும் வேண்டாம், அது மூச்சைத் தணித்து இருக்கிற தற்காப்பையும் பறித்துவிடும்.

போத்தலில் விற்கும் கார நீர் இரத்தத்தைக் காரமாக்குமா? (வாசகர், நிலாவெளி)

ஆக்காது. பீ.எச். 9 உள்ள ஒரு லீற்றர் தூய நீரில் இருக்கும், காரத்தன்மை தரும் ஐதரொட்சைட்டு வெறும் 0.01 மில்லிமோல். உங்கள் சிறுநீரகங்களோ பொசுபேற்றாகவும் அமோனியமாகவும் நாளொன்றுக்கு 50 முதல் 70 மில்லிமோல் அமிலத்தைக் கழிக்கின்றன. நீரில் கனிமங்கள் சேர்த்திருந்தாலும் மிஞ்சிய காரம் சிறுநீரோடு போய்விடும். மாறினால் சிறுநீரின் பீ.எச். மாறும், இரத்தத்தினது அல்ல. சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் அந்தக் கனிமங்களைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.