ஏர்லி டெசிஷன்ல சீட் கிடைச்சு, பணம் பத்தலன்னா?

கேள்வி: நியூஜெர்சி எடிசன்ல இருக்கோம், கிரீன் கார்டு. பொண்ணு இங்கயே பிறந்தவ, 12வது போறா, கார்னெல் யுனிவர்சிட்டிக்கு ஏர்லி டெசிஷன் (கிடைச்சா அங்கயே சேர்றோம்னு வாக்குக் கொடுத்து முன்கூட்டியே போடற அப்ளிகேஷன்) போட்டே தீரணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. எங்க ரெண்டு பேர் சம்பளம் சேர்த்து வருஷம் 2 லட்சத்து 10 ஆயிரம் டாலர். காலேஜ் செலவுக்குச் சேமிக்கற 529 அக்கவுண்ட்ல 1 லட்சத்து 10 ஆயிரம் இருக்கு, மாசம் 2,800 மிச்சம் பிடிக்கறோம். பையன் 8வது. 2025ல கம்பெனி ஷேர் வித்து 38 ஆயிரம் கூடுதலா வந்துச்சு. தஞ்சாவூர்ல அப்பா விட்டுட்டுப் போன வீடு எனக்கும் தம்பிக்கும் பொது, அதைக் காட்டணுமா? சீட் கிடைச்சு பணம் பத்தலன்னா மாட்டிக்குவோமா?

பதில்: சார், கடைசிக் கேள்வியை முதல்ல எடுத்துக்கறேன். மாட்டிக்க மாட்டீங்க, ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, நீங்க எய்டுக்கு, அதாவது பண உதவிக்கு, அப்ளை பண்ணியிருக்கணும். ஏர்லி டெசிஷன் ஒப்பந்தத்துல பொண்ணு, நீங்க, ஸ்கூல் கவுன்சிலர் மூணு பேரும் கையெழுத்துப் போடறீங்க, சீட் கிடைச்சா மத்த அப்ளிகேஷன் எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறோம்னு வாக்குக் கொடுக்கறீங்க. எய்டு கேட்டு, அவங்க கொடுத்தது படிக்க வைக்கப் பத்தலன்னா அந்த வாக்குலேருந்து விடுவிப்பாங்க. "எய்டு கேட்டா சீட் தர மாட்டாங்க"ன்னு யாரோ பார்ட்டியில சொன்னதை நம்பி அப்ளிகேஷன்ல எய்டு வேணும்ங்கற கட்டத்தை டிக் பண்ணாம விட்டா, அந்தக் கதவை நீங்களே சாத்திக்கிட்டீங்க. கார்னெல் அமெரிக்க சிட்டிசன் பசங்களுக்கு எய்டு கேட்டாங்களாங்கறதைப் பார்த்து சீட் முடிவு பண்றதில்ல, தைரியமா கேளுங்க.

இப்போ ஒவ்வொண்ணா என்ன ஆகும்னு பார்ப்போம். நவம்பர் 1க்குள்ள அப்ளிகேஷன், டிசம்பர் நடுவுல ரிசல்ட். இல்லைன்னு வந்தா பணரீதியா ஒரு நஷ்டமும் இல்ல, பிள்ளை ரெண்டு நாள் அழுவா, அவ்வளவுதான். டிஃபர், அதாவது முடிவைத் தள்ளி வச்சிருக்கோம்னு வந்தா வாக்கு அத்தோட முடிஞ்சது, ரெகுலர் வரிசையில, அதாவது கட்டுப்படுத்தாத வழக்கமான சுற்றுல, மறுபடி பார்ப்பாங்க, அப்போ கிடைச்சா மத்த காலேஜ் ஆஃபரோட ஒப்பிட்டுப் பார்த்து முடிவு பண்ணலாம். இதுல ஒரு எச்சரிக்கை, டிஃபர் ஆன வேகத்துல ஜனவரியில வேற காலேஜுக்கு ஏர்லி டெசிஷன் 2 போட்டுடலாம்னு வீட்டுல பேச்சு வரும், என்ஒய்யூ, வாண்டர்பில்ட் மாதிரி காலேஜ்ல அது இருக்கு, அதுவும் இதே மாதிரி கட்டுப்படுத்தற வாக்குதான், அந்தக் காலேஜோட கணக்கைப் போட்டுப் பார்க்காம அவசரத்துல போடாதீங்க.

நிஜமான சிக்கல் சீட் கிடைச்சாதான். கார்னெல் மாதிரி ஐவி லீக் யுனிவர்சிட்டிகள்ல மெரிட் ஸ்காலர்ஷிப்பே கிடையாது, பொண்ணு எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் சரி, குடும்ப வருமானத்தைப் பார்த்துதான் உதவி. மொத்தச் செலவு இப்போ வருஷத்துக்கு 90 ஆயிரம் டாலரைத் தாண்டிடுச்சு. கார்னெல்ல சில கல்லூரிகள்ல நியூயார்க் ஸ்டேட்காரங்களுக்கு ட்யூஷன் ஃபீஸ் குறைவு, குயின்ஸ்ல இருக்கற சொந்தக்காரங்க சொல்ற நம்பரை வச்சு நீங்க கணக்குப் போடாதீங்க, நியூஜெர்சிக்கு அது பொருந்தாது.

அதனால கையெழுத்துக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. கார்னெல் வெப்சைட்ல நெட் ப்ரைஸ் கால்குலேட்டர் (எய்டு போக நீங்க எவ்வளவு கட்டணும்னு காட்டறது) இருக்கு, எய்டு கொடுக்கற எல்லாக் காலேஜும் வச்சிருக்கணும்னு 2011லேருந்தே சட்டம். 2025 டாக்ஸ் ரிட்டர்னை மேசையில வச்சுக்கிட்டு, மனைவியும் பொண்ணும் பக்கத்துல உட்கார்ந்து, நிஜ நம்பரைப் போடுங்க. வர்ற தொகை உத்தரவாதம் இல்ல, ஒரு மதிப்பீடு.

உங்க கையில என்ன இருக்கு? 529ல 1,10,000. மாசம் 2,800ன்னா நாலு வருஷத்துல 1,34,400. பொண்ணு பேர்ல ஃபெடரல் லோன் நாலு வருஷமும் சேர்த்து அதிகபட்சம் 27,000. மொத்தம் ஏறக்குறைய 2 லட்சத்து 71 ஆயிரம். கால்குலேட்டர் வருஷம் 58 ஆயிரம்னு காட்டினா, வருஷா வருஷம் 4 சதவீதம் ஏறும்னு வச்சாலே நாலு வருஷத்துக்கு 2 லட்சத்து 46 ஆயிரம். கட்டிடலாம், ஆனா இவ முடிக்கற அதே வருஷம் பையன் காலேஜ் போவான், அவனுக்கு 25 ஆயிரம்தான் மிஞ்சும். 45 ஆயிரம்னு காட்டினா அவனுக்கு 80 ஆயிரம் மிஞ்சும். என் முடிவு இதுதான்: 45க்குள்ள வந்தா தாராளமா போடுங்க. 60ஐத் தாண்டினா ஏர்லி டெசிஷன் வேண்டாம், ரெகுலர்ல போட்டு நாலு ஆஃபரை ஒப்பிட்டுப் பாருங்க. நடுவுல வந்தா, பையனையும் உட்கார வச்சுப் பேசுங்க, அவன் காசும்தானே அது.

பேரன்ட் ப்ளஸ் லோனை (பெற்றோர் பேர்ல வாங்கற ஃபெடரல் லோன்) நான் வேணும்னேதான் சேர்க்கல. 2026 ஜூலை 1லேருந்து புதுசா வாங்கறவங்களுக்கு வருஷம் 20 ஆயிரம், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65 ஆயிரம்தான்னு வரம்பு வந்தாச்சு (எச்1பி வேலை விசாவுல இருக்கற பெற்றோருக்கு அதுவும் கிடையாது). என்கிட்ட வந்த ஒரு அம்மா எய்டு லெட்டரை நீட்டினாங்க, "அவார்டு"ன்னு தலைப்புப் போட்டு அதுக்குக் கீழயே பேரன்ட் ப்ளஸ்னு ஒரு பெரிய தொகை, அவங்க அதைப் பென்சிலால வட்டம் போட்டு "இது திருப்பிக் கட்டணுமா?"ன்னு ஓரத்துல எழுதியிருந்தாங்க. கட்டணும், வட்டியோட. அந்தக் குடும்பம் அதை உதவித்தொகைன்னு நினைச்சு ரெண்டு வாரம் சந்தோஷமா இருந்துச்சு, எனக்கு மனசே கேட்கல. லெட்டர் வந்ததும் கிராண்ட் எவ்வளவு, லோன் எவ்வளவு, வொர்க்-ஸ்டடி (படிச்சுக்கிட்டே வேலை பார்த்துச் சம்பாதிக்கறது) எவ்வளவுன்னு தனித்தனியா பிரிச்சு எழுதுங்க.

தொகை பத்தலன்னா உடனே வேண்டாம்னு சொல்லாதீங்க, எய்டு ஆபீஸுக்கு எழுதுங்க. உங்க 38 ஆயிரம் ஒரு தடவை வந்த வருமானம், 2027ல சேர்றவங்களுக்கு 2025 வரிக் கணக்குதான் அடிப்படைங்கறதால அது உங்க சம்பளம் மாதிரியே தெரியும், ப்ரோக்கரேஜ் ஸ்டேட்மென்ட்டோட விளக்கம் கொடுத்தா திரும்பப் பார்ப்பாங்க. அப்பவும் ஒத்துவரலன்னா விடுவிக்கச் சொல்லிக் கேளுங்க. ஆனா அப்போ டிசம்பர் கடைசி ஆயிருக்கும், ரெகுலர் டெட்லைன் ஜனவரி முதல் வாரம், அதனால மத்த கட்டுரையெல்லாம் இப்பவே எழுதி வைக்கச் சொல்லுங்க. உங்க ஸ்டேட் யுனிவர்சிட்டி ரட்கர்ஸுக்கு ஏர்லி ஆக்‌ஷன் நவம்பர் 1லயே போட்டுடுங்க, அது கட்டுப்படுத்தாது, கார்னெலும் தடுக்காது.

தஞ்சாவூர் வீட்டைக் காட்டணும் சார். நீங்க குடியிருக்கற வீட்டை ஃபாஃப்ஸா (அரசாங்க எய்டு ஃபாரம்) கேட்காது, சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் (கார்னெல் மாதிரி காலேஜ் கூடுதலா கேட்கற எய்டு ஃபாரம்) கேட்கும், ஆனா வேற எந்த சொத்தையும் ரெண்டுமே கேட்கும், இந்தியாவுல இருந்தாலும். உங்க பங்கை மட்டும், இன்னிக்கு அங்க என்ன விலை போகுமோ அதை டாலர்ல போடுங்க, வாடகையில உங்க பங்கு வரிக் கணக்குலயும் இருக்கணும். தம்பிகிட்ட பத்திர நகலும் வாடகை ரசீதும் அனுப்பி வைக்கச் சொல்லுங்க, காலேஜ் கேட்டா அன்னிக்கே கொடுக்கலாம்.