பழைய கட்டடத்து ஃபிளாட்டைப் புதுப்பிக்கிறோம். அலமாரி, இருக்கைகளை ரெடிமேடாக வாங்கலாமா, அளவெடுத்துச் செய்யலாமா?

அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். ஆனால் எப்போது அளவெடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எங்கள் வீடு மும்பை மாட்டுங்காவில், 1930களின் கடைசியில், வளைந்த பால்கனிகளுக்குப் பேர்போன ஆர்ட் டெகோ பாணியில் கட்டிய கட்டடத்தில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து வேலைக்கு வந்த என் மாமனாரின் அப்பா குடியேறிய வீடு. 2018இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது மரைன் டிரைவ், ஓவல் மைதானப் பக்கத்துக் கட்டடங்கள். எங்களுடையது அதில் வராது. இங்கே எதை வைத்துக்கொள்வது, எதை உடைப்பது என்பது குடியிருப்பவர் மனசைப் பொறுத்தது.

முதலில் பிடித்த ஒப்பந்தக்காரர் தரையோரம் டேப் பிடித்து அளந்துகொண்டு போய், அலமாரியை ஒரே கூடாகச் செய்து கொண்டுவந்தார். மாடிப்படித் திருப்பத்தில் அது ஏறவே இல்லை. பிரித்துக் கொண்டுவந்து சேர்த்தால், கீழே கச்சிதமாக உட்கார்ந்தது, மேலே ஒன்றரை அங்குலம் இடித்தது. சுவர் உள்பக்கம் சாய்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அடுத்து வந்த மிஸ்திரி (மேஸ்திரியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) டேப்பைத் தொடுவதற்கு முன், சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டை எடுத்தார். உப்புக் காற்றில் பொரிந்த பூச்சை உரித்து, புதிதாகப் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகே அளந்தார். தரை, இடுப்பு, தலைக்கு மேல் என்று மூன்று உயரத்தில் அளந்து, அதில் சிறியதையே கணக்கில் வைத்தார். சுவரில் ஓதம் இருக்கும் என்று அலமாரியின் முதுகை ஓரங்குலம் தள்ளி நிறுத்தினார். ஒயர் கொண்டுபோகத் தூணிலோ உத்தரத்திலோ உளி வைக்க விடவில்லை. பழைய கான்கிரீட்டில் கம்பி ஏற்கெனவே துருப்பிடித்திருக்கலாம் என்பதால் நீங்களும் விடாதீர்கள்.

எங்கள் பால்கனி வளைவானது. அதற்கு எந்தக் கடையிலும் இருக்கை கிடைக்காது. அட்டையை வளைவோடு ஒட்டி வெட்டி அச்செடுத்து, மெல்லிய பிளைவுட்டை அடுக்கடுக்காகப் பசை போட்டு வளைத்தார்கள். மாலையில் மாமியார் அதில்தான் உட்காருகிறார்.

அலுமினிய ஜன்னல் போட்டபோது கழற்றிய பர்மா தேக்குச் சட்டங்கள் பரணில் கிடந்தன. பழைய மரக்காரர் விலை கேட்டார், நல்லவேளை கொடுக்கவில்லை. காந்தம் வைத்துத் தேடி ஆணிகளைப் பிடுங்கி, பெயின்ட்டைச் சுரண்டி இழைத்தபோது, இத்தனை வருஷம் கழித்தும் தேக்கு வாசம் வந்தது. அதில் பூஜை அலமாரி செய்தோம். அந்த மரத்தை இன்று காசு கொடுத்தும் நான் வாங்கியிருக்க முடியாது.

தரையில் இருப்பது பழைய மொசைக் என்றால் அதன் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். பாரம் கூடும், கதவு உரசும். எங்களுடையதை மெஷின் போட்டுத் தேய்த்ததும் பச்சையும் சிவப்பும் மேலே வந்துவிட்டன.

மே மாதம் சரியாக ஓடும் இழுப்பறை மழைக்காலத்தில் ஊதிச் சிக்கிக்கொள்ளும். இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி விடச் சொல்லுங்கள். நாங்கள் ஜூலை மழையில் எல்லா இழுப்பறைகளையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மிஸ்திரிக்குக் கடைசித் தவணையைக் கொடுத்தோம். இந்த ஏற்பாட்டைச் சொன்னதே அவர்தான்.