அம்மாவின் கார்: கேள்வி பதில்

லண்டனில் நலன்புரி ஆலோசகராகப் பதினாறு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு உப்புவெளிக்குத் திரும்பியவன் நான். ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்கு வந்ததும், இங்குள்ள உறவினர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே காரைப் பற்றியவை: பிரித்தானியாவில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குத்தகைக்குக் கிடைக்கும் மோட்டபிலிட்டி கார்.

உவர்மலை: என் தங்கைக்கு அங்கே மோட்டபிலிட்டி கார் கிடைத்திருக்கிறது. அரசாங்கம் சும்மா கொடுத்ததாமே?

சும்மா இல்லை, அக்கா. மாற்றுத்திறனாளிக்குக் கிடைக்கும் உதவிப்பணத்தில் நடமாட்டத்துக்கென ஒரு பகுதி உண்டு. அதன் உயர் வீதம் 2025-26 நிதியாண்டில் வாரம் 77.45 பவுணாக இருந்தது. அந்தப் பணத்தை முழுதாகவோ பெரும்பகுதியாகவோ விட்டுக்கொடுத்துத்தான் அவர் காரைக் குத்தகைக்கு எடுக்கிறார். பெரிய கார் என்றால் முற்பணமும் கட்ட வேண்டும். காப்புறுதி, பழுதுபார்ப்பு, டயர் எல்லாம் அதற்குள் அடங்கும். 1977 இல் தொடங்கிய திட்டம் இது. பொதுவாக மூன்று ஆண்டுகள், சக்கர நாற்காலியோடு ஏறும் வாகனம் என்றால் ஐந்து ஆண்டுகள். உங்கள் தங்கை தன் பணத்தைக் கொடுத்துத்தான் அந்தக் காரை வைத்திருக்கிறார். வீட்டில் மற்றவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அன்புவழிபுரம்: அண்ணாவுக்குக் கண் தெரியாது. அவருக்கு எப்படிக் கார்?

அவர் ஓட்ட வேண்டியதில்லை. சாரதிகளாகப் பதியப்பட்டவர்கள் ஓட்டலாம். பதியாதவர் ஓட்டினால் காப்புறுதி இல்லை.

மனையாவெளி: அம்மா ஏறாமல் மகன் தனியே காரை எடுத்தால் குற்றமா?

இல்லை. அம்மா ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பயணம் அவருடைய நன்மைக்காக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அவருக்கு மருந்து எடுக்கப் போகலாம், வீட்டுச் சாமான் வாங்கப் போகலாம். நண்பர்களோடு கடற்கரைக்குப் போவது அதில் சேராது. வீதி வரிவிலக்கின் விதி இன்னும் இறுக்கமானது: வாகனம் மாற்றுத்திறனாளியின் தேவைக்கு மட்டும், சாரதியின் சொந்தத் தேவைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஒரு வீட்டுக்கு ஆலோசனைக்காகப் போயிருந்தேன். காலை பத்து மணி. அம்மா கோட்டுப் பொத்தான்களைப் பூட்டி, கைப்பையை மடியில் வைத்து, யன்னல் ஓரம் இருந்தார். பதினொன்றரைக்குக் கண் வைத்தியரிடம் போக வேண்டும். கார் மகனோடு வேலைத்தலத்தில் நின்றது. "அவனுக்கும் வேலை இருக்குத்தானே" என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். அன்று டாக்சிக்கும் அவர்தான் காசு கொடுத்தார்.

அதே மனையாவெளி அன்பர், மறுபடியும்: பெற்ற பிள்ளை ஓட்டினால் களவா? தாயைப் பார்ப்பவனே அவன்தான்!

களவு என்று நான் சொல்லவில்லை, தம்பி. இதே பக்கம் நின்று சாம்பல்தீவிலிருந்து ஒரு தங்கச்சியும் எழுதியிருக்கிறார்: "வாரம் முப்பத்தைந்து மணிநேரம் பார்த்தால்தான் பராமரிப்பாளர் கொடுப்பனவு. அதையும் பார்த்து, பகுதிநேர வேலைக்கும் ஓடுகிறவளுக்கு பஸ்ஸுக்கு நிற்க நேரம் எங்கே?" அவருடைய கேள்வி நியாயமானது. வேலை முடிந்து நேரே வந்து அம்மாவைக் குளிப்பாட்டுகிறவருக்கு அந்தக் கார் தருவது அம்மாவுக்கும் உதவிதான் என்று வாதாடலாம். நானே வாதாடியிருக்கிறேன். ஆனால் நாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு ஓட்டக் கூடாது. திட்டத்தாரிடம் முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். அம்மாவுக்குக் கார் தேவைப்படும் நாளில் அது வாசலில் நிற்குமா என்பதையும் அவர் வாயாலேயே கேளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத வேளையில் கேளுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு காலை இழந்த ஒருவருக்குக் கையால் சுற்றும் மூன்று சில்லுச் சைக்கிள் கிடைத்தது. முதல் வாரமே பேரப்பிள்ளைகள் அதை எடுத்து ஓடினார்கள். அவர் திண்ணையில் இருந்து பார்த்துச் சிரித்தார். மாலையில் கடைக்குப் போக வேண்டியிருந்தபோது சங்கிலி கழன்று கிடந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் அன்று அவர் கடைக்குப் போகவில்லை.

மூன்று பேர் கேட்டது: அப்பாவின் ப்ளூ பட்ஜை (மாற்றுத்திறனாளிகளுக்கான வாகனத் தரிப்பு அட்டை) வைத்து நாங்கள் காரை நிறுத்தலாமா?

அப்பா அந்தப் பயணத்தில் இல்லையென்றால் கூடாது. 1,000 பவுண் வரை தண்டம். அட்டை வேறு, கார் வேறு. அட்டை ஆளுக்குரியது, அவர் வேறொருவரின் காரில் போனாலும் கூடவே போகும்.

நிலாவெளி: தம்பி இரவில் அந்தக் காரில் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறான்.

இன்றிரவே நிறுத்தச் சொல்லுங்கள். வாடகை ஓட்டத்துக்கும் கூரியருக்கும் அனுமதி இல்லை. விபத்து நடந்தால் காப்புறுதி கைவிடும், குத்தகை அம்மாவின் கையை விட்டுப் போகலாம்.

உப்புவெளி: அவர் காலமானால் கார் பிள்ளைகளுக்கா?

இல்லை. குத்தகைக் கார் சொத்தாகாது. உடனே அறிவித்து, திருப்பிக் கொடுங்கள்.

திருகோணமலை நகரம்: இலங்கையில் மாற்றுத்திறனாளிக்குத் தீர்வைச் சலுகையில் வாகனம் எடுப்பது எப்படி?

என் துறை அல்ல, ஐயா. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள்.

கன்னியா: அண்ணியின் ப்ளூ பட்ஜ்…

மேலே சொல்லிவிட்டேன். அண்ணி பயணத்தில் இல்லாவிட்டால் அட்டையை வெளியில் எடுக்காதீர்கள்.