ஒயரிங் சரியாகிவிட்டது, கிளட்ச் ஏன் இறுகியது?

இந்த முறை வந்த கேள்விகள் பலவும் ஒரே ஜாடை. கரண்ட் சம்பந்தமாக ஏதோ பழுதானது, அதைப் பார்த்தாயிற்று, இப்போது சம்பந்தமே இல்லாத இடத்தில் வேறு கோளாறு. சம்பந்தம் இல்லாமல் இல்லை.

மாருதி 800 வைத்திருக்கிறேன். கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட் மாற்றினோம். அதற்குப் பிறகு செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது. புது பேட்டரி போட்டும் பெரிய மாற்றமில்லை. இப்போது கிளட்ச் பெடல் கல்லாக இருக்கிறது. கேபிளை மாற்றியும் பத்தே நாளில் மறுபடி இறுகிவிட்டது. மட்டமான கேபிளா? – திண்டுக்கல் வாசகர்

கேபிளைத் திட்டாதீர்கள், அது பாவம். கழற்றிய பழைய கேபிளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதன் மேலுறையைப் பிளேடால் கீறிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் மெழுகு மாதிரி உருகி, எஃகுக் கம்பியோடு ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கியர் பாக்ஸை இறக்கும்போது, இன்ஜினை பேட்டரி மைனஸோடு சேர்க்கும் தடித்த எர்த் ஒயரைக் கழற்றியிருப்பார்கள். ஏற்றும்போது அதை மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது துருவின் மேலேயே வைத்து முடுக்கியிருப்பார்கள். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு கரண்டும் இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். தடித்த ஒயர் இல்லையென்றால் இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் எந்த இரும்பு வழியாகவும் போகும். உங்கள் வண்டியில் கிளட்ச் கேபிள் மாட்டிக்கொண்டு சூடாகி உருகியது. சில வண்டிகளில் ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகும். அது இன்னும் ஆபத்து, மிதித்த கால் எடுத்தாலும் வேகம் குறையாது.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இரவில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். பேட்டரி பலவீனமென்றால் லைட் மங்கிப்போகும். லைட் பளிச்சென்று இருக்க, செல்ஃப் மட்டும் திணறினால் இன்ஜின் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். வேறொருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை. பழகிய புதிதில் இதே கோளாறுக்கு ஒருவருக்கு மூன்று கேபிள் மாற்றியவன் நான். மூன்றாவதைக் கழற்றும்போது விரல் சுட்ட பிறகுதான் புத்தி வந்தது.

முதலில் எர்த்தை மாட்டுங்கள், அதற்குப் பிறகு புதுக் கேபிள்.

எங்கள் பழைய டீசல் ஜீப்பில் சார்ஜ் ஏறவில்லை என்று டைனமோவைக் கழற்றி டயோடு மாற்றினோம். சார்ஜ் ஏறுகிறது. ஆனால் பிரேக் பெடல் கட்டை மாதிரி ஆகிவிட்டது. பிரேக் ஷூ மாற்றலாமா? – தேனி வாசகர்

ஷூவைத் தொடாதீர்கள். முதலில் வண்டியை நிறுத்துங்கள், மலைப்பாதைப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம்.

உங்கள் டைனமோவின் முதுகில் வேக்குவம் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் இன்ஜின் இழுக்கும் காற்றிலேயே, பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அது போதாது, தனியாகப் பம்ப் வேண்டும். பல பழைய டீசல் வண்டிகளில் அந்தப் பம்ப் டைனமோவின் அச்சிலேயே சுற்றுகிறது. டயோடு மாற்ற அதைப் பிரித்தவர், ஓ-ரிங்கை விட்டிருக்கலாம், பம்பின் தகடுகளை மாற்றிப் போட்டிருக்கலாம், அல்லது ஹோஸ் கிளிப்பை முடுக்காமல் விட்டிருக்கலாம்.

சோதனை இதுதான்: இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். இறுகியதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால், பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போது ஹோஸின் வாயில் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். விரலைப் பிடித்து இழுத்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, பூஸ்டரைப் பாருங்கள். இழுக்காவிட்டால் பம்ப் அல்லது ஹோஸ்தான்.

இன்னொன்று, இதை மறந்துவிடாதீர்கள். அந்தப் பம்புக்கு இன்ஜின் ஆயில் போய் வருகிறது. போகிற குழாய் சிறியது, திரும்புகிற குழாய் பெரியது. திரும்புகிற குழாய் மடங்கினால் ஆயில் டைனமோவுக்குள் புகுந்து கார்பன் பிரஷ்ஷைக் கெடுக்கும். போகிற குழாய் ஒழுகினால் இன்ஜினே போய்விடும். டிப்ஸ்டிக்கைத் தினமும் பாருங்கள்.

பைக்கில் பல்பு அடிக்கடி ஃபியூஸ் போகிறது. அதே சமயம் செயின் துருப்பிடித்து, ஆறு மாதத்தில் இரண்டு செயின் செட் மாற்றிவிட்டேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? – கடலூர் வாசகர்

நல்ல கேள்வி. கடற்கரைக் காற்று என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். எனக்கு, பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஆர்ஆர் யூனிட் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) மேல்தான் சந்தேகம். அது பழுதானால் சார்ஜ் அளவுக்கு மீறி ஏறும். பல்பு போகும், பேட்டரி கொதிக்கும். ஆசிட் ஊற்றுகிற வகை பேட்டரி என்றால் அதன் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய மூச்சுக்குழாய் கீழே தொங்கும். அது கழன்றோ மடங்கியோ இருந்தால் ஆசிட் சொட்டு நேராகச் செயின் மேல் விழும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒரே இடத்தில் மட்டும் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் சாட்சி.

இன்ஜினை முறுக்கிப் பிடித்து பேட்டரியில் அளந்தால் 14.5 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட்டை மாற்றுங்கள். ஆசிட் பட்ட இடத்தைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, குழாயைச் செயினுக்கு எட்டாத பக்கமாக விட்டு, கடைசியில் செயின் வாங்குங்கள்.

ரேடியேட்டர் ஃபேன் ஃபியூஸ் அடிக்கடி போனதால் ஒரு ஒயர்த் துண்டை வைத்து ஓட்டினேன். ஃபேன் ஒயர் எரிந்தது, அதை மாற்றியாயிற்று. இப்போது காலையில் வெள்ளைப் புகை, கூலன்ட் குறைகிறது. – ஈரோடு வாசகர்

ஃபேன் மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து இறுகியிருக்கும், அதனால் அதிகக் கரண்ட் இழுத்து ஃபியூஸ் போயிருக்கும். எச்சரித்த ஃபியூஸின் வாயைத்தான் நீங்கள் ஒயர்த் துண்டால் அடைத்துவிட்டீர்கள். ஃபேன் நின்ற நேரத்தில் இன்ஜின் சூடாகி, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், கூலன்ட் உள்ளே கசிந்து வெள்ளைப் புகையாக வரலாம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். இறக்கினால் ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் கொடுத்துப் பாருங்கள். வெறும் கேஸ்கெட் மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி கடிதம் போடுவீர்கள்.

பேட்டரி இறங்கிய நிலையிலேயே சில வாரம் ஓட்டினேன். புது பேட்டரி போட்ட பிறகு செல்ஃப் சில சமயம் ‘கர்ர்’ என்று வெறுமனே சுற்றுகிறது. – மதுரை வாசகர்

‘சில சமயம்’ என்கிறீர்களே, அதில் பாதி விடை இருக்கிறது. வோல்ட் குறைவாக இருக்கும்போது செல்ஃபின் பல் சக்கரம் முழுதாகப் போய் மாட்டாமல், அது சுற்ற வேண்டிய இன்ஜினின் பெரிய சக்கரமான ஃபிளைவீல் பல்லின் நுனியைக் கடித்துக்கொண்டே இருக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் ஏதாவது இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அங்குள்ள பற்கள் மட்டும் தேயும். வண்டியை நான்காவது கியரில் போட்டு, சாவியை அணைத்த நிலையில், கொஞ்சம் தள்ளிவிட்டு, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து செல்ஃப் அடியுங்கள். சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டால் ஃபிளைவீல் ரிங் தேய்ந்திருக்கிறது. எங்கே நிறுத்தினாலும் கர்ர் என்றால் செல்ஃபைக் கழற்றி, அதன் பல் சக்கரம் இருக்கும் பெண்டிக்ஸைப் பாருங்கள், செலவு குறைவு.