மும்பையில் ஏன் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள்? தள்ளிப் போய் வசதியாக இருக்கலாமே?

ரயில் ஜன்னலில் தகரக் கூரைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் தாராவிக்காரன். இந்தக் கேள்வியைக் கடந்து போக மனம் வரவில்லை.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். நாற்றமடிக்கும் தொழில் என்று ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அப்புறம் ஊரே எங்களைத் தாண்டி வடக்கே போய்விட்டது. பழைய பம்பாய் கடலுக்குள் நீண்டு கிடக்கிற ஒல்லியான தீவு. வடக்கு ஒன்றுதான் வழி. 1853-ல் போரிபந்தரிலிருந்து தாணேக்கு ரயில் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் பஞ்சாலைகள் வந்தன, ஆலைக்கு நடந்து போகிற தூரத்தில் சால்கள், அதாவது தொழிலாளர்களுக்கான ஒற்றை அறை வரிசைக் குடியிருப்புகள், எழுந்தன. ஆலைகள் மூடி அந்த இடத்தில் ஆபீஸ் கோபுரங்கள் வந்த பிறகும் ஸ்டேஷன் என்னவோ அதேதான். 2017-ல் அந்த ஆலைப் பகுதியின் எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் நடைபாலத்தில் மிதிபட்டுச் செத்தவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள்.

தாராவிக்கு ஒரு பக்கம் மேற்கு ரயில் லைனின் மாஹிம் ஸ்டேஷன், மறுபக்கம் மத்திய லைனின் சயான். இரண்டு லைனுக்கும் நடந்தே போகலாம். அப்பாவுக்கு நகரத்தின் தென்கோடியில், ஃபோர்ட்டில் வேலை. தொலைதூரப் புறநகரான பத்லாப்பூரில் இரண்டு அறை வீடு மலிவாக வந்தபோது அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். அக்காவைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான். அவள் வீட்டில் பால்கனி உண்டு, அதில் நிற்கத்தான் நேரமில்லை. விடியுமுன் கிளம்பி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, லேடீஸ் பெட்டியில் கம்பியைப் பிடிக்கக்கூட இடமில்லாமல் தாதர் வரை நின்றுகொண்டே வருகிறாள். எங்களுக்கு இடம் இல்லை, அவளுக்கு நேரம் இல்லை. இதில் யார் வசதியாக இருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

ரயில் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. 1947 வாடகைச் சட்டத்தால் பழைய வாடகை உறைந்துபோனது, குடியிருந்தவர்கள் நகரவில்லை, வீட்டுக்காரர்கள் பழுது பார்க்கவில்லை. அரசியலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு விவரம் தெரியாமல்தான் இங்கேயே கிடக்கிறோம் என்று யாரும் எழுத வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் இருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தம்பியின் படிப்புக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். விலாசத்தைப் பார்த்ததுமே அதிகாரி ஃபாரத்தை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார், என் சம்பளச் சீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் தெருக் கடைக்காரர்கள் பாதிப் பேர் அந்தக் கிளையில்தான் தினமும் பணம் கட்டுகிறார்கள். அதை வாங்கும்போது மட்டும் யாரும் விலாசம் பார்ப்பதில்லை.