பழைய காரில் செத்துப்போன ஏசி: எதைக் கழற்றலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: என்னிடம் 1997 மாடல் மாருதி 800 ஏசி கார் இருக்கிறது. ஏசி ஓடி நாலு வருடமாகிறது. கம்ப்ரசர் ஜாம், மாற்றினால் கார் விலையில் பாதி போய்விடும் என்கிறார் மெக்கானிக். ஏலகிரி ஏறும்போது வண்டி திணறுகிறது. ஏசியை மொத்தமாகக் கழற்றிப் போட்டால் இழுவையும் மைலேஜும் கூடுமா? நானே கழற்றலாமா? (குடியாத்தம் வாசகர்)

கழற்றலாம். ஆனால் இழுவைக்காகக் கழற்ற வேண்டாம், ஏமாந்துபோவீர்கள்.

ஏசி சுவிட்ச் அணைந்திருக்கும்போது கம்ப்ரசரின் உள்ளே எதுவும் சுற்றுவதில்லை. முன்னால் இருக்கும் புல்லி மட்டும் தன் பேரிங்கில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். சுவிட்சைப் போட்டால்தான் காந்தக் கிளட்ச் 'டக்'கென்று ஒட்டி உள்தண்டைச் சுற்றும். ஆகவே ஓடாத ஏசியால் உங்களுக்கு இருப்பது எடைச்சுமை மட்டும். மொத்த சாமானையும் சேர்த்தாலும் ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைத் தாண்டாது. பின்சீட்டு மச்சானை ஏலகிரி அடிவாரத்தில் இறக்கிவிட்டால் அதைவிட அதிகம் குறையும். பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் திணறுகிறது என்றால் கார்புரேட்டரையும் கிளட்ச் பிளேட்டையும் முதலில் பாருங்கள்.

புல்லி பேரிங் போயிருந்தால் மட்டும் கதை வேறு. இன்ஜினை அணைத்து, ஏசி பெல்ட்டைத் தளர்த்தி எடுத்துவிட்டு, புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. அம்மியில் மணல் அரைக்கிற மாதிரி கரகரத்தால் பேரிங் முடிந்தது. அது ஒருநாள் நடுரோட்டில் இறுகி, பெல்ட்டைக் கருக்கிவிடும்.

சரி, அந்தப் பெல்ட் கம்ப்ரசருக்கு மட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். தனி பெல்ட் என்றால் அதை எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது, செலவும் இல்லை. நிறையப் பேருக்கு இத்தோடு நிறுத்திக்கொள்ளத்தான் நான் சொல்வேன். சில வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றும். அதை எடுத்துவிட்டு ஓட்டினால் சில கிலோமீட்டரிலேயே இன்ஜின் கொதித்துவிடும். அங்கே அளவு குறைந்த பெல்ட்டோ, கம்ப்ரசர் இருந்த இடத்தில் பெல்ட்டைத் தாங்கிச் சும்மா சுற்றும் ஒரு ஐட்லர் புல்லியோ போட வேண்டும்.

கழற்றுவதால் உண்மையான லாபம், ஏசி கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரில்தான் இருக்கிறது. அது ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. இத்தனை வருடப் புழுதியும் பூச்சியும் அதன் தகடுகளில் அப்பி, ரேடியேட்டருக்குப் போக வேண்டிய காற்றை மறித்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் வேலூர் நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் எங்கே போகிறது என்று கவனியுங்கள். மேலே ஏறினால் கண்டென்சரை எடுப்பதில் அர்த்தம் உண்டு. மலையேற்றத்திலும் சூடு அடங்கும். ஆனால் ரேடியேட்டர் ஃபேனின் வயரையும் சேர்த்துக் கழற்றிவிடாதீர்கள், அதுவும் பக்கத்திலேயேதான் போகும்.

இப்போது நீங்களே செய்யக் கூடாத ஒரு வேலை. ஏசி குளிரவில்லை என்பதால் உள்ளே கேஸ் இல்லை என்று நினைக்காதீர்கள். கம்ப்ரசர் ஜாமான வண்டியில் கேஸ் அப்படியே இருக்கலாம். 40 டிகிரி வெயிலில் சும்மா நிற்கிற காரிலேயே அந்தக் குழாய்க்குள் 120 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் இருக்கும். உங்கள் டயரில் இருப்பது சுமார் 30. ஸ்பானரை வைத்து நட்டைத் தளர்த்தினால் பீய்ச்சியடிக்கும் திரவம் கையில் பட்ட இடம் உறைந்து வெந்துபோகும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். கேஸ் வெல்டிங் வைத்துக் குழாயை அறுக்கவே அறுக்காதீர்கள். தீயில் பட்டால் அந்தக் கேஸ் விஷமாகிவிடும்.

உங்கள் மாடல் வருடத்தில் பழைய ஆர்-12 கேஸ் இருக்கலாம், புதிய ஆர்-134ஏயும் இருக்கலாம். கேஸ் ஏற்றும் வாய் மரையோடு இருந்தால் ஆர்-12, அழுத்தினால் கவ்விக்கொள்ளும் வகை என்றால் ஆர்-134ஏ. பானெட்டுக்கடியில் ஸ்டிக்கர் மிச்சமிருந்தால் அதிலும் எழுதியிருக்கும். ஓசோனைத் தின்கிறது என்று 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையில் கட்டுப்படுத்தப்பட்டது இந்த ஆர்-12தான். இரண்டையுமே காற்றில் விடக் கூடாது. கேஸை இழுத்தெடுக்கும் மெஷின் வைத்திருக்கும் ஏசி கடையில் ஒருமுறை காலி செய்துகொண்டு வாருங்கள், மீதியை வீட்டு வாசலிலேயே செய்யலாம்.

டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைத் தொடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அது உட்கார்ந்திருக்கும் பெட்டி வழியாகத்தான் புளோயர் காற்று வருகிறது. பெட்டியைப் பிரித்தால் காற்று காலடியில் கசிந்து வீணாகும். வெயிலில் காய்ந்த பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் அப்பளம் மாதிரி நொறுங்கும், அப்புறம் வண்டி ஓடும்போதெல்லாம் கடகடதான். காயிலின் குழாய் வாய்களை மட்டும் அடைத்து உள்ளேயே விடுங்கள்.

கம்ப்ரசரை எடுத்ததும் கிளட்ச் வயர், பிரஷர் சுவிட்ச் வயர் இரண்டின் முனையிலும் டேப் சுற்றிக் கட்டுங்கள். ஏசி ஃபியூஸையும் ரிலேயையும் பிடுங்கிவிடுங்கள். ஏசி போட்டால் ஐட்லிங்கை ஏற்றுவதற்கு கார்புரேட்டர் பக்கம் ஒரு மெல்லிய வேக்கம் ஹோஸ் வரும். அதைக் கழற்றினால் வாயை அடைக்க மறந்துவிடாதீர்கள். திறந்து கிடந்தால் சிக்னலில் இன்ஜின் ஏறி ஏறி இறங்கும், நீங்கள் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக, குழாய்கள் இன்ஜின் பக்கமிருந்து உள்ளே நுழையும் ஓட்டைகள். ஆற்காட்டிலிருந்து ஒருவர் தானே எல்லாம் கழற்றிய காரைக் கொண்டுவந்தார். உள்ளே பெட்ரோல் நெடி, முதல் மழையில் காலடி மேட் ஊறிவிட்டது, கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் எலி கூடு கட்டியிருந்தது. மூன்றுக்கும் காரணம் இரண்டு விரல் நுழையும் ஒரே ஓட்டை. குழாயை எடுத்தீர்களென்றால் தகரத் துண்டு வைத்து சீலன்ட் போட்டு அடையுங்கள். பக்கெட் தண்ணீரை முன்கண்ணாடிக்குக் கீழே ஊற்றி, உள்ளே மேட்டைத் தூக்கிக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.