இடுப்பெலும்புக்குப் பதில் செயற்கை எலும்புத் துகள் போதுமா?

கேள்வி: என் கணவர் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததில், முழங்கால் மூட்டுக்குச் சற்றுக் கீழே எலும்பு நொறுங்கி உள்ளே அமுங்கிவிட்டது. அதைத் தூக்கி பிளேட் வைக்கும்போது உண்டாகும் குழியை, இடுப்பெலும்பிலிருந்து எடுத்து நிரப்பாமல், செயற்கை எலும்புத் துகளால் நிரப்பலாம் என்கிறார் மருத்துவர். ‘சொந்த எலும்பு இருக்கும்போது வெளிப்பொருள் எதற்கு?’ என்று மாமியார் கலங்குகிறார். உடல் அதை ஏற்குமா?
— வாசகி, சயான் கோலிவாடா, மும்பை

பதில்: உங்கள் மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உயிருள்ள செல்கள், எலும்பு வளரத் தூண்டும் புரதங்கள், புது எலும்பு பற்றிப் படர்வதற்கான சட்டகம் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பது சொந்த எலும்பில்தான். செயற்கைத் துகளில் பெரும்பாலும் சட்டகம் மட்டுமே உண்டு. ஆனால் உங்கள் கணவருக்கு உண்டாகும் குழியைச் சுற்றிலும் அவருடைய எலும்பே சுவராக நிற்பதால், செல்களும் இரத்தமும் அந்தச் சுவரிலிருந்தே வந்து சேரும். இடுப்பில் இன்னொரு காயமும், சில நேரம் மாதக்கணக்கில் நீடிக்கும் வலியும் தவிர்க்கப்படும். ஆகவே மருத்துவரின் யோசனை சரியானது என்றே நான் கருதுகிறேன். தொடை எலும்பின் நடுவே பல சென்டிமீட்டர் இடைவெளி விழுந்த ஒருவருக்கு இந்தத் துகளை மட்டும் வைப்பதாகச் சொன்னால், என் பதில் வேறாக இருந்திருக்கும்.

இத்துகள் பெரும்பாலும் ஹைட்ராக்சிஅபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட் போன்ற கால்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. நம் எலும்பின் கனிமமும் கால்சியம் பாஸ்பேட்தான் என்பதாலும், பிறருடைய செல்லோ புரதமோ இதில் இல்லை என்பதாலும், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் எதிர்ப்பதுபோல இதை எதிர்ப்பதில்லை. குப்பியில் பார்த்தால் நொறுக்கிய கற்கண்டு போலிருக்கும். அறுவை அரங்கில் நோயாளியின் இரத்தத்திலேயே அதைக் குழைத்து, சிவந்த ஈரமணலைப் போல அள்ளிக் குழிக்குள் அமுக்குவார்கள். ஒவ்வொரு துகளிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை ஏறத்தாழ 100 மைக்ரானுக்கு மேல் அகன்று, ஒன்றோடொன்று இணைந்திருந்தால்தான் இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைந்து புது எலும்பு வளர முடியும்.

ட்ரைகால்சியம் பாஸ்பேட் பல மாதங்களில் மெல்லக் கரைந்து, அந்த இடத்தை எலும்பு பிடிக்கும். ஹைட்ராக்சிஅபடைட் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். பின்னாளில் எக்ஸ்ரேயில் வெண்ணிறத் துகள்கள் தெரிந்தால் அஞ்ச வேண்டாம்.

தானமாகப் பெற்ற எலும்பும் ஒரு வழிதான். உங்கள் ஊரிலேயே, பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி, 1988 முதல் அத்தகைய திசுக்களைக் காமாக் கதிரால் கிருமிநீக்கம் செய்து வழங்கிவருகிறது.

எந்த வகைத் துகள், எவ்வளவு செலவு என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கணவருக்குப் புகைப்பழக்கமோ சர்க்கரை நோயோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டுமே எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். அறுவைக்குப் பின் வலி குறைந்துவிட்டதே என்று, மருத்துவர் அனுமதிக்கும் முன்பு அவர் அந்தக் காலை ஊன்றி மாடிப்படி ஏற விடாதீர்கள். புது எலும்பு பிடிக்கும்வரை, மூட்டின் தளம் மறுபடி அமுங்காமல் தாங்க வேண்டியவை அந்த பிளேட்டும் துகளும்தான்.